கோட்டை இல்லாத கோட்டைக் கொச்சி

ஒரு துறைமுகத்தைப் புதைத்த வெள்ளம் இன்னொரு துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பதே கொச்சியின் பிறப்பு வரலாறு. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம், சங்கப் புலவர்கள் பாடிய முசிறித் துறையை மணலால் தூர்த்தது. அதே வெள்ளம் தெற்கே, உப்பங்கழிகள் கடலோடு கலக்கும் இடத்தில், கப்பல்கள் நுழையத்தக்க ஆழமான வாயில் ஒன்றை அகழ்ந்து தந்தது என்பர். மனிதர் எவரும் திட்டமிடாமல் அமைந்த அந்த வாயில் வழியே பின்வந்த நூற்றாண்டுகளில் எத்தனையோ இனத்தார் வந்தனர். வணிகம் செய்ய வந்தவர் உண்டு. அடைக்கலம் தேடி வந்தவர் உண்டு. ஆள வந்தவர் உண்டு. விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்டவரும் உண்டு.

இன்று அவ்வூரைக் காணச் செல்லும் நமக்கு முதலில் வியப்பளிப்பது அதன் பெயரே. கோட்டைக் கொச்சி என்று ஊருக்குப் பெயர். ஊரில் கோட்டை இல்லை. 1503இல் போர்த்துகீசியர் கட்டத் தொடங்கித் தம் மன்னர் மனுவேலின் பெயரைச் சூட்டிய அக்கோட்டை, இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை. 1663இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதன் பரப்பைச் சுருக்கித் தமக்கேற்பத் திருத்திக் கொண்டனர். 1795இல் வந்த ஆங்கிலேயர், பத்தாண்டு கழிந்தபின், அதன் மதில்களையே தகர்த்தெறிந்தனர். கடற்கரையில் சிதறிக் கிடக்கும் சில கற்களும், ஒரு கொத்தளத்தின் மேல் ஒல்லாந்தர் கட்டிய மாளிகையும், சில தெருப் பெயர்களுமே எஞ்சியுள்ளன. என்றென்றும் நிற்க வேண்டும் என்று கட்டப்பட்டது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளே நின்றது.

அப்படியானால் நின்றவை எவை? அவை ஏன் நின்றன? இக்கேள்வி நமக்கு வெறும் சுற்றுலாக் கேள்வியன்று. முத்துக்குளித்துறை மக்களுக்கு நற்செய்தியைக் கொணர்ந்த குருக்கள் கொச்சியிலிருந்தே வந்தனர். அவர்களை ஏற்றி வந்த நாடு பீரங்கிகளையும் ஏற்றி வந்த நாடு. கொடையும் காயமும் ஒரே கப்பலில் வந்து இறங்கிய துறை இது. இரண்டையும் எப்படி ஒருசேர நினைப்பது என்பதை இவ்வூரின் தெருக்களிலேயே கேட்டறிய முயல்வோம்.

ஒரு கூரை, பல உடைமையாளர்

கடற்கரைக்கு அருகே, திடலொன்றின் ஓரத்தில், புனித பிரான்சிஸ் ஆலயம் நிற்கிறது. 1503இல் மரத்தால் எழுந்து, 1516இல் பிரான்சிஸ்கன் துறவியரால் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு புதுப்பிக்கப்பட்டுப் புனித அந்தோணியாருக்கு நேர்ந்தளிக்கப்பட்ட கோவில் இது. ஒல்லாந்தர் வந்ததும் இதனைத் தம் சீர்திருத்த சபையின் வழிபாட்டு இடமாக்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில் இது ஆங்கிலிக்கன் கோவிலாயிற்று. புனித பிரான்சிஸ் என்னும் பெயரும் அக்காலத்தில் வந்ததே. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்கு உரியதாயிற்று. கூரை ஒன்று, அதன்கீழ் மன்றாடியவர்களோ ஒருவரையொருவர் தவறான நெறியினர் என்று ஒதுக்கியவர்கள்.

உள்ளே சென்றால் வடபுறச் சுவரில் போர்த்துகீசியரின் கல்லறைக் கற்களும், தென்புறச் சுவரில் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களும் பதிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். ஒரு காலத்தில் தரையில் கிடந்த இக்கற்கள் பிற்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சுவர்களில் நிறுத்தப்பட்டன. வாழ்ந்த நாளில் இவ்வூருக்காகப் போரிட்டவர்கள் இப்போது எதிரெதிர்ச் சுவர்களில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இன்று வழிபடுவோர் இரு சுவரினருக்கும் வாரிசுகள் அல்லர், இம்மண்ணின் மக்கள்.

இக்கோவிலுக்குப் பயணிகளை ஈர்ப்பது ஒரு வெற்றுக் கல்லறை. அரசப் பிரதிநிதியாக இந்தியாவுக்கு மூன்றாம் முறை வந்த வாஸ்கோ ட காமா, வந்த சில மாதங்களிலேயே, 1524ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்கு முந்தைய நாளில், கொச்சியில் இறந்தார். இங்கே அடக்கம் செய்யப்பட்ட அவருடைய எலும்புகள் சில ஆண்டுகள் கழித்துப் போர்த்துகல்லுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கடல்வழி கண்டவர் என்று பாடநூல்கள் அவரைப் புகழ்கின்றன. அவரே 1502இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலொன்றைப் பெண்களும் சிறுவரும் உட்பட எரித்தவர் என்பதையும் அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். சிலுவைக் குறி பொறித்த பாய்மரத்தின் கீழ் நடந்த செயல் அது. அவர் கிடந்த இடத்தின் முன் நிற்கும்போது இவ்விரு செய்திகளையும் நினைக்காமல் இருப்பது நேர்மையாகாது.

இடிக்கப்பட்ட பேராலயம்

அங்கிருந்து சிறிது தொலைவில் திருச்சிலுவைப் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தெரிகின்றன. இதன் முதற்கட்டடத்துக்கு 1505இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1557இல் திருத்தந்தை நான்காம் பவுல் கொச்சியை மறைமாவட்டமாக உயர்த்தினார். குமரிமுனைக்கு அப்பால் முத்துக்குளித்துறையும், கடல் கடந்த இலங்கையும் அம்மறைமாவட்டத்தில் அடங்கின. தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் மன்னாரிலும் வலை வீசியவர்க்கும் முத்துக் குளித்தவர்க்கும் ஆயர் இருந்த ஊர் கொச்சியே என்பதை நம்மில் பலர் அறியோம்.

1663இல் ஒல்லாந்தர் நகரைப் பிடித்தபின் கத்தோலிக்கக் கோவில்களையும் துறவு மடங்களையும் கல்லூரிகளையும் இடித்தனர். இரண்டே கோவில்களை விட்டுவைத்தனர். ஒன்று நாம் முன்னே கண்ட பிரான்சிஸ்கன் கோவில்; மற்றொன்று இப்பேராலயம். வழிபாட்டுக்காக அன்று, ஆயுதக் கிடங்காகப் பயன்படுத்தவே பேராலயம் தப்பியது. பின்வந்த ஆங்கிலேயர் அதையும் இடித்துத் தள்ளினர். பழைய பேராலயத்தின் கருங்கல் தூண் ஒன்று இப்போதைய பேராலய வளாகத்தில் ஒரு மூலையில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1887இல் ஆயர் ஜோவாம் கோமெஸ் ஃபெரைரா காலத்தில் புதிய கோவில் பணி தொடங்கி, 1905இல் அது அபிஷேகம் செய்யப்பட்டது. உட்புற ஓவியங்களைத் தீட்டியவர் அந்தோனியோ மொஸ்கேனி என்னும் இத்தாலிய இயேசு சபைச் சகோதரர். கோவில் அபிஷேகமான அதே ஆண்டில் அவரும் கொச்சியிலேயே உயிர் நீத்தார். 1984இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

அந்த ஒற்றைத் தூணைப் பார்க்கும்போது ஓர் உண்மை நெஞ்சைத் தைக்கிறது. இக்கோவிலை இடித்தவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர், கிறிஸ்தவர்களே. கொச்சி மன்னரும் மக்களும் கோவில் எழும்ப இடம் தந்தவர்கள். சிலுவையை வணங்கியோர்தாம் சிலுவையின் பெயர் தாங்கிய கோவிலைத் தகர்த்தனர். சமயத்தின் பெயரால் நடந்தவை எனப் பேசப்படும் பல அழிவுகளின் அடியில் மிளகும் துறைமுகமும் சுங்க வரியும் இருந்ததை இத்தூண் ஊமையாய்ச் சொல்கிறது.

மட்டாஞ்சேரியில்

கோட்டைக் கொச்சியிலிருந்து கழியோரமாக மட்டாஞ்சேரி சென்றால் கதை இன்னும் சிக்கலாகிறது. அங்கே 'ஒல்லாந்தர் அரண்மனை' என்று அழைக்கப்படும் ஒரு மாளிகை உண்டு. அதை ஒல்லாந்தர் கட்டவில்லை. 1555ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். கோவில் ஒன்றைக் கொள்ளையிட்டதால் சினந்த மன்னரைச் சமாதானப்படுத்தவே அது கட்டப்பட்டது என்பர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒல்லாந்தர் அதைச் செப்பனிட்டனர். பெயர் அவர்களுக்குப் போயிற்று. வெளிச்சுவர் ஐரோப்பிய முறையில் அமைந்தது. உள்ளே பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் கண்ணைப் பறிக்கின்றன. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதியின் கோவில். அயலவர் தந்த வீட்டை மன்னர் தம் தெய்வங்களால் நிரப்பித் தமதாக்கிக் கொண்டார்.

அரண்மனையை ஒட்டி, மன்னர் தந்த நிலத்தில், 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் உள்ளது. ஸ்பெயினும் போர்த்துகல்லும் யூதரை விரட்டிய காலத்தில், அந்நாடுகளிலிருந்து சிதறியோருள் சிலருக்கு அடைக்கலம் தந்த இடம் இது. 1662இல் ஒல்லாந்தருக்குத் துணை போயினர் என்று குற்றஞ்சாட்டிப் போர்த்துகீசியர் இத்தொழுகைக்கூடத்தைத் தீயிட்டனர். இரண்டாண்டு கழித்து, ஒல்லாந்தர் காலத்தில், அது மீண்டும் எழுந்தது. தரையில் பாவியிருக்கும் நீலமும் வெண்மையுமான ஓடுகள் சீனத்திலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் கையால் வரையப்பட்டது. 1948இல் இஸ்ரயேல் நாடு தோன்றியபின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். யூதத் தெரு என்னும் பெயர் இருக்கிறது. தெருவில் இன்று யூதர் அநேகமாக இல்லை. அவர்கள் துரத்தப்பட்டுப் போகவில்லை, தாமாக விடைபெற்றுப் போனார்கள் என்பது இவ்வூருக்குப் பெருமை.

இந்த யூதர் காத்து வந்த செப்பேடுகள் நமக்குத் தனி மகிழ்ச்சி தருவன. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னர் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகருக்கு உரிமைகள் வழங்கிய ஆவணம் அது. தமிழும் மலையாளமும் இன்னும் தெளிவாகப் பிரியாத பழைய மொழியில், வட்டெழுத்தில் அது பொறிக்கப்பட்டுள்ளது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிக் கிறிஸ்தவர்க்கு 849இல் வழங்கப்பட்ட செப்பேடுகளும் அத்தகையனவே. ஐரோப்பியக் கப்பல் ஒன்றுகூட வாராத காலத்தில், யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் அரசர்கள் உரிமை எழுதிக் கொடுத்த மொழி நம் மூதாதையர் மொழி. கிறிஸ்தவம் பீரங்கியோடு வந்த சமயம் என்று சொல்வோர்க்கு இச்செப்பேடுகளே விடை. ஆயினும் பீரங்கியும் பின்னர் வந்தது என்பதை நாம் மறைக்கவும் இயலாது.

கயிறு கட்டிய சிலுவை

மட்டாஞ்சேரியிலேயே 'கூனன் குரிசு' என்னும் இடமும் இருக்கிறது. புனித தோமாவின் மரபைப் போற்றி, சிரிய மொழியில் வழிபட்டு வந்த மலையாளக் கிறிஸ்தவர்கள், போர்த்துகீசியர் வருமுன்பே பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்தவர்கள். 1599இல் கோவாப் பேராயர் அலெய்ஷோ த மெனேசிஸ் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் அவர்களை இலத்தீன் ஒழுங்குக்குள் கொணர முற்பட்டது. பிழையுடையன எனக் கருதப்பட்ட சிரியச் சுவடிகள் தீக்கிரையாயின. அரை நூற்றாண்டாய் நெஞ்சில் கனன்ற வேதனை 1653ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் வெடித்தது. மட்டாஞ்சேரிச் சிலுவையின் முன் திரண்ட மக்கள், போர்த்துகீசியப் பேராயருக்கு இனிப் பணியோம் என்று ஆணையிட்டனர். எல்லாரும் சிலுவையைத் தொட இயலாமையால், அதில் கயிறுகளைக் கட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டு உறுதி பூண்டனர் என்றும், அவர்கள் இழுத்த இழுப்பில் சிலுவை சாய்ந்தது என்றும் மரபுச் செய்தி கூறுகிறது.

அதன்பின் உரோமை அனுப்பிய கார்மேல் சபையாரின் முயற்சியால் பெரும்பகுதியினர் திரும்பி வந்தனர். ஏனையோர் தனி வழி சென்றனர். அந்தப் பிளவு இன்றளவும் ஆறவில்லை. சிலுவைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியன்று அது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சிலுவையைப் பற்றிக்கொண்டே அவர்கள் ஆதிக்கத்தை மறுத்தார்கள். விசுவாசம் ஒன்று, அதைச் சுமந்து வரும் அதிகாரம் வேறொன்று என்பதைக் கல்வியறிவு மிக்க மேலோர் மறந்தபோது எளிய மக்கள் நினைவில் வைத்திருந்தனர்.

பெயர் எழுதப்படாதவன்

கல்லறைக் கற்களில் தளபதிகளின் பெயர் உண்டு. வணிகரின் பெயர் உண்டு. கல்லில் பெயர் இல்லாத ஒருவனை மட்டாஞ்சேரி மக்கள் மறக்கவில்லை. மிளகு மூட்டைகளோடு மனிதரும் விற்கப்பட்ட துறை இது. ஆப்பிரிக்கக் கரையில் பிடிபட்டோர் போர்த்துகீசியரின் அடிமைகளாக இங்கே கொண்டுவரப்பட்டனர். ஒல்லாந்தர் காலத்தில் மலையாளக் கரையின் ஏழைகள் இங்கிருந்து நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோய் விற்கப்பட்டனர். 1663இல் நகரம் வீழ்ந்தபோது, செல்வத்தை எடுத்துச் செல்ல இயலாத போர்த்துகீசியர் சிலர், அதைச் சுவரிலும் மரத்தடியிலும் புதைத்து, காவலுக்கென ஓர் ஆப்பிரிக்க அடிமையைக் கொன்று உடன் புதைத்தனர் என்று ஊரார் சொல்வர்.

இதற்கு ஆவணச் சான்று தேடுவது வீண். ஆனால் மட்டாஞ்சேரியில் மாங்காட்டு முக்கு என்னும் இடத்தில் ஒரு சுவரருகே சிறு மாடம் உள்ளது. அங்கே விளக்கேற்றுகிறார்கள், சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். 'காப்பிரி முத்தப்பன்' என்று அவனை அழைக்கிறார்கள். ஆப்பிரிக்கரைக் குறிக்க அராபியரும் போர்த்துகீசியரும் ஆண்ட இழிசொல்லே 'காப்பிரி'. அதனோடு, மூத்தோருக்கு உரிய 'முத்தப்பன்' என்னும் மதிப்புச் சொல்லை மக்கள் சேர்த்துக்கொண்டனர். தாய்நாடும் தாய்மொழியும் பெயரும் பறிக்கப்பட்ட ஒருவனை அயல்நாட்டு எளிய மக்கள் தம் பாட்டனாக ஏற்றுக்கொண்டார்கள். வழி தவறியோர்க்கு அவன் துணை வருவான் என்று நம்புகிறார்கள். அந்த வழிபாட்டு முறை நம்முடையதன்று. ஆயினும் எழுதப்பட்ட வரலாறு விட்டுவிட்ட ஓர் உயிரை எழுதப்படாத நினைவு தாங்கிக்கொண்டது என்பதை வணக்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நமக்குரிய ஓர் ஏடு

இவ்வளவு இடிபாடுகளுக்கும் தீக்கும் நடுவே கொச்சி நமக்கு அளித்த கொடை ஒன்று உண்டு. அதற்கு முன்கதை சிறிது சொல்ல வேண்டும். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர், தம் தொழிலைப் பறிக்க முயன்றோரால் துன்புற்று, போர்த்துகீசியரின் துணை வேண்டிக் கொச்சிக்குத் தூது சென்றனர். தூது சென்றோர் அங்கே திருமுழுக்குப் பெற்றனர். தொடர்ந்து கொச்சியிலிருந்து வந்த குருக்கள் கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கானோர்க்குத் திருமுழுக்கு அளித்தனர். பாதுகாப்புத் தேடிய மக்களுக்குக் கிடைத்த பெயரளவு விசுவாசமாகவே அது தொடங்கிற்று. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்து, மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்பித்தபோதுதான் அதில் உயிர் துளிர்த்தது.

அப்பணியைத் தொடர்ந்தவர் 1546இல் இந்தியா வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார். அவர் யூத வழித்தோன்றல். அக்காரணத்தாலேயே போர்த்துகல்லில் பிரான்சிஸ்கன் சபையில் நிலைக்க முடியாமல் போனவர். பின்னர் இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. தம் நாட்டில் குருதியால் குறைந்தவர் என ஒதுக்கப்பட்ட அவர், இங்கே மீனவர் குடிசைகளில் அமர்ந்து மாணவராய்த் தமிழ் கற்றார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. மறு ஆண்டு, 1579இல், கொச்சியில் இறையன்னைக் கல்லூரியில் 'கிரீசித்தியானி வணக்கம்' அச்சாயிற்று. 1586இல் அடியார் வரலாறுகளின் தொகுப்பும் வந்தது. அச்சுக்கூடச் செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருள் உதவினர். இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதலாக அச்சேறிய மொழி தமிழ். அந்த எழுத்துகளின் மை உலர்ந்த ஊர்களுள் ஒன்று கொச்சி.

அக்கல்லூரி இன்று இல்லை. ஒல்லாந்தர் இடித்தவற்றோடு போயிற்று. அச்செழுத்துகளும் இல்லை. ஏடுகள் மட்டும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நூலகங்களில் ஒன்றிரண்டாய் உறங்கின. 1950களில் தனிநாயகம் அடிகளார் அவற்றைப் பற்றி உலகறிய எழுதினார். 1963இல் இயேசு சபைத் தந்தை ச. இராசமாணிக்கம் தூத்துக்குடியிலிருந்து அவற்றை மீண்டும் பதிப்பித்தார். எந்த மக்களின் காசால் அச்சாயினவோ அந்த மக்களின் ஊருக்கே ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் அவை வந்து சேர்ந்தன. ஹென்றிக்கஸ் அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் இறந்து தூத்துக்குடியில் அடக்கமானார். காமாவின் எலும்புகள் தாய்நாடு திரும்பின, இவருடையவை திரும்பவில்லை.

கொச்சியில் உருவான இன்னொரு நூலும் இங்கே நினைக்கத்தக்கது. ஒல்லாந்தத் தளபதி வான் ரீடு மலையாள நாட்டின் செடிகொடிகளைத் தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் தம் குடும்பத்து ஓலைச்சுவடிகளிலிருந்து மருந்தறிவை வழங்கினார். கொங்கணிப் பிராமணர் மூவர் துணை நின்றனர். மத்தேயு என்னும் இத்தாலியக் கார்மேல் துறவியும் உதவினார். கத்தோலிக்கத் துறவியும் கால்வினியத் தளபதியும் ஈழவ வைத்தியரும் கொங்கணி அந்தணரும் ஒரு பச்சிலையின் முன் ஒன்றுகூடினர். கோவில்களை இடித்த அதே ஆட்சியில் இதுவும் நடந்தது.

கையிருப்பில் உள்ளவை

கடற்கரையில் வரிசையாய் நிற்கும் சீனவலைகளைக் காணாமல் எவரும் கொச்சியை விட்டுத் திரும்புவதில்லை. நெடிய கழிகளில் தொங்கும் வலை நீரில் தாழ்கிறது. மறுமுனையில் கயிறுகளில் கட்டிய கற்களின் பாரத்தால், நாலைந்து பேர் இழுக்க, மேலெழுகிறது. சீனத்தோடு நடந்த வணிகத்தின் வழியே வந்தது என்பது மரபு. எவர் கொணர்ந்தார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொணர்ந்தவரை மறந்து, தொழிலை மீனவர் தமதாக்கிக் கொண்டனர்.

சொற்களும் அவ்வாறே. சன்னலைத் திறந்து, மேசையில் புத்தகத்தை வைத்து, அலமாரியைச் சாவியால் பூட்டும் நாம் போர்த்துகீசிய மொழி பேசுகிறோம் என்று எண்ணுவதில்லை. கையில் துட்டு இல்லை என்னும்போது ஒல்லாந்தர் நாணயத்தின் பெயரைச் சொல்கிறோம் என்றும் எண்ணுவதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்த மிளகாய் இல்லாத குழம்பை நம் பாட்டியர் அறியார்.

கொச்சிப் பகுதி இலத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகம் இவ்வகையில் நமக்கு மிக நெருக்கமானது. பலகை மேடை அதிரக் காலால் மிதித்து ஆடும் அந்நாடகத்தில் ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் 'காறல்மான்' ஆகிறார். உடையும் கதையும் மேனாட்டன. அடவுகளும் தாளமும் இந்நாட்டன. பழைய பாடல்களின் மொழியோ தமிழ் மிகுந்த கலப்பு மொழி. அதனை முதலில் ஆக்கியவருள் ஒருவராகச் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழரை மரபு போற்றுகிறது. கடற்கரை நெடுகச் சென்று வந்த மீனவரும் உபதேசியாரும் அண்ணாவிமாரும் எல்லைக்கோடு அறியாதவர்கள்.

இவற்றையெல்லாம் ஒன்றாய் வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. திணிக்கப்பட்டவை, திணித்த கை தளர்ந்ததும் உதிர்ந்தன. மக்கள் விரும்பி ஏற்றுத் தம் வடிவில் மாற்றிக்கொண்டவை நின்றன. கோட்டையைக் காக்கப் படை வேண்டியிருந்தது. வலையையும் பாட்டையும் மன்றாட்டையும் காக்க எந்தப் படையும் வேண்டியிருக்கவில்லை. நற்செய்தியும் அது தமிழில் பேசக் கற்ற அளவுக்கே இங்கே வேரூன்றியது.

ஆயினும், நல்லவை நின்றுவிட்டன, ஆகவே நடந்தவை எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட நமக்கு உரிமை இல்லை. எரிந்த கப்பலில் இருந்தவர்களும், விற்கப்பட்ட ஏழைகளும், தீயிடப்பட்ட தொழுகைக்கூடமும், சாம்பலான சுவடிகளும் அக்கணக்கில் அடங்கா. 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் திருச்சபையின் மக்கள் வரலாற்றில் செய்த பிழைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். உண்மைக்குத் தொண்டு செய்வதாய் எண்ணி வன்முறையைக் கையாண்டதும், யூத மக்களுக்கு இழைத்த தீங்கும், பிற இனத்தாரின் மாண்பை மிதித்ததும் அம்மன்றாட்டில் இடம் பெற்றன. கொச்சியில் நடந்து வந்த நமக்கு அம்மன்றாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு, ஒரு சுவர், ஒரு தூண் கண்முன் நிற்கிறது.

நம் பங்குகளின் திருவிழா மலர்களில் கொடையைப் பற்றி விரிவாக எழுதுகிறோம். காயத்தை ஒரு வரியில் கடந்து விடுகிறோம். வெளியிலிருந்து நம்மை எழுதுவோர் காயத்தை விரித்துக் கொடையை விட்டுவிடுகின்றனர். இரண்டும் பாதி உண்மைகளே. கோதுமையும் களையும் ஒரே வயலில் வளரும் என்பதை நமக்குக் கற்பித்தவரின் சீடர்கள், தம் வரலாற்றின் வயலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இனி நம் கடற்கரைப் பங்குகளின் வரலாற்றை எழுத அமரும் இளைஞர்கள், சவேரியாரையும் ஹென்றிக்கஸ் அடிகளாரையும் எழுதும் அதே பக்கத்தில், பெயரில்லாத அந்த ஆப்பிரிக்கனுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும். அவனும் அக்கப்பல்களில் வந்தவனே.